ஃபின்னகன்ஸ் வேக் நாவலுக்கு உரை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஜேம்ஸ் ஜாய்சின் கடைசி நாவலுக்கு வரிவரியாகப் பொருள் தேடித் தொகுத்துவரும் குறிப்புரையாளர்களுக்கும், அதன் மூலபாடத்தைச் செப்பம் செய்யும் பதிப்பாசிரியர்களுக்கும், ஓர் அமர்வில் ஒரு பக்கத்தைக்கூட முடிக்க அவசரப்படாமல் ஆண்டுக்கணக்கில் கூடிப் படித்துவரும் வாசிப்புக் குழுக்களுக்கும் ஒரு தமிழ் வாசகனின் வணக்கம்.

1939 மே 4 அன்று லண்டனில் ஃபேபர் நிறுவனமும் நியூயார்க்கில் வைக்கிங் நிறுவனமும் வெளியிட்ட ‘ஃபின்னகன்ஸ் வேக்’, 628 பக்கங்களில், ஏறத்தாழ 17 ஆண்டு உழைப்பில் உருவானது. ஆங்கிலத்தின் வாக்கிய அமைப்பைப் பெரும்பாலும் விட்டுவைத்து, அதன் சொற்களை மட்டும் பல மொழிச் சொற்களோடு கலந்து திரித்து எழுதப்பட்ட அந்த நூலை, நீங்கள் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் நெருங்கியே இருக்க முடியாது. 1944இல் ஜோசப் கேம்பெலும் ஹென்றி மார்ட்டன் ராபின்சனும் கதையின் போக்கை முதன்முதலாகத் துலக்கிக் காட்டினார்கள். 1956இல் அடலின் கிளாஷீன் அதில் நடமாடும் பெயர்களைக் கணக்கெடுத்தார். 1959இல் ஜேம்ஸ் ஆதர்டன் அதற்குள் புதைந்திருக்கும் நூல்களைத் தேடி எடுத்தார். 1963இல் கிளைவ் ஹார்ட் சொல்லடைவு தந்தார். 1980இல் வெளிவந்த ரோலண்ட் மெக்ஹியூவின் குறிப்புத் தொகுப்பு, நாவலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிகராக ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வரிக்கும் உரிய குறிப்பை அதே உயரத்தில் அச்சிட்டது. பூச்சியியல் படித்த ஒருவர் இப்படி ஒரு பணியைத் தலைமேல் எடுத்துக்கொண்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. இன்று இணையத்தில் தொகுக்கப்பட்டிருக்கும் குறிப்புகள் பல்லாயிரக்கணக்கில் பெருகிவிட்டன.

இந்த மரியாதையோடுதான் ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கிறேன். சிலப்பதிகாரத்துக்கு எங்களிடம் இரண்டு பழைய உரைகள் உள்ளன. ஒன்று அரும்பதவுரை, அது கடினமான சொற்களுக்குச் சுருக்கமாகப் பொருள் சொல்லிக்கொண்டு போகிறது. மற்றொன்று அடியார்க்குநல்லார் உரை. அந்தச் சொல் அந்த இடத்தில் ஏன் நிற்கிறது, அதற்குப் பின்னால் எந்த இசைமரபும் எந்தக் கூத்துமரபும் இருக்கின்றன, காப்பியத்தின் போக்கில் அது என்ன செய்கிறது என்பதையெல்லாம் விரித்துரைக்கிறது. ‘ஃபின்னகன்ஸ் வேக்’ நாவலுக்கு நீங்கள் தந்திருப்பதில் பெரும்பகுதி அரும்பதவுரை. அது தேவையானது; ஆனால் அது முடிந்த இடத்தில்தான் வாசகனின் திகைப்பு தொடங்குகிறது. ஒரு சொல்லுக்குள் ஐந்து மொழிகள் இருக்கின்றன என்று அறிந்த பிறகும், அந்த ஐந்தும் சேர்ந்து அந்த வாக்கியத்துக்கு என்ன நேரச் செய்கின்றன என்பது தெரியாமல் நிற்கிறோம். அந்த இரண்டாவது உரையை எழுதுங்கள் என்பதே இம்மடலின் கோரிக்கை.

நான் கேட்பது என்ன என்பதை ஓர் எளிய இடத்திலிருந்து காட்டுகிறேன். 23ஆம் பக்கத்தில் ‘ஓ ஃபீனிக்ஸ் கல்பிரிட்’ என்றொரு கூவல் வருகிறது. ஈஸ்டர் முந்திய இரவு வழிபாட்டில் பாடப்படும் ‘ஓ ஃபெலிக்ஸ் கல்பா’, அதாவது ‘பேறு பெற்ற பாவமே’, என்ற லத்தீன் தொடர் அதில் ஒலிக்கிறது என்றும், டப்ளின் நகரத்து ஃபீனிக்ஸ் பூங்கா அதில் இருக்கிறது என்றும், ‘கல்பிரிட்’ என்றால் குற்றவாளி என்றும் குறிப்புகள் சொல்லும். மூன்றும் சரி. ஆனால் தொடரின் ஆற்றல் இந்த மூன்றின் கூட்டுத்தொகையில் இல்லை. வழிபாட்டுப் பாடல் பாவத்தைப் புகழ்கிறது, ஏனெனில் அந்தப் பாவம்தான் மீட்பரை வரவழைத்தது. ஜாய்ஸ் பாவத்தின் இடத்தில் ஆளை நிறுத்துகிறார். பொதுவான வீழ்ச்சி, ஒரு பூங்காவில் ஏதோ தவறு செய்ததாகப் பேசப்படும் ஒரு குறிப்பிட்ட மனிதனின் வீழ்ச்சியாகிறது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அவனுக்கு அடைமொழியாக வருவதால், தீர்ப்பும் மீட்பும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவிடுகின்றன.

இதற்கும் அடியில் இன்னொரு தளம் இருக்கிறது. அந்தப் பூங்காவின் பெயருக்கும் பறவைக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. ‘தெளிந்த நீர்’ என்று பொருள்படும் ‘ஃபியன் இஷ்கே’ என்ற ஐரிஷ் மொழித் தொடர் ஆங்கிலேயர் காதில் ‘ஃபீனிக்ஸ்’ என்று விழுந்தது. 1747இல் செஸ்டர்ஃபீல்டு பிரபு அங்கே ஒரு தூண் நிறுவி அதன் உச்சியில் பறவையையும் அமர்த்திவிட்டார். ஆக, சிலேடையை முதலில் செய்தது ஜாய்ஸ் அல்லர், ஆட்சிமொழி மாறிய அந்த நகரமே செய்தது. ‘ஃபியன்’ என்ற ஒலியில் ஐரிஷ் புராண வீரன் ஃபின் மறைந்திருக்கிறான். நாவலின் தலைப்பிலும் அவனே இருக்கிறான். இவற்றை நான்கு தனிக் குறிப்புகளாகப் படிப்பவனுக்கு ஜாய்ஸ் ஒரு சொல் வித்தைக்காரராகத் தெரிவார். ஒன்றாகக் கோத்துப் படிப்பவனுக்கு, தன் மொழியை இழந்த ஒரு நாட்டின் வரலாறு ஆங்கிலச் சொற்களுக்குள் எப்படி உறைந்து கிடக்கிறது என்பதைக் கேட்டறிந்த ஒருவர் தெரிவார். இரண்டும் வேறுவேறு நூல்கள் என்றே சொல்வேன்.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பகுக்கும். சொல் பிரியாமல் நின்றே பல பொருள் தருவது முன்னது. பிரிக்கும் வகையால் வேறு பொருள் தருவது பின்னது. இரண்டிலும் சொல் சிதைவதில்லை. மொழி தன் இயல்பான வடிவிலேயே இரு பொருளையும் சுமக்கிறது. ஜாய்சின் சொற்கள் இந்தப் பகுப்பில் அடங்கவில்லை. அங்கே இரண்டு சொற்கள் ஒன்றையொன்று சிதைத்து அகராதியில் இல்லாத மூன்றாவதாகின்றன. பொருள் அந்தச் சிதைவிலேயே இருக்கிறது. எனவே உட்கூறுகளை மட்டும் பிரித்து எழுதித் தரும் குறிப்பு, அவர் சிதைத்ததை மீண்டும் ஒழுங்காக்கிக் கொடுத்துவிடுகிறது. அந்த ஒழுங்கைப் பெற்றுக்கொண்ட வாசகன் மூலத்தைவிட்டு விலகியே நிற்கிறான்.

சிதைவே பொருளாகும் என்பதற்கு இந்நூலில் நான் மிகவும் வியக்கும் சான்று ஓர் எழுத்துப்பிழை. தயக்கம் என்று பொருள்படும் ‘ஹெசிடன்சி’ என்ற ஆங்கிலச் சொல்லில், ‘ஏ’ என்ற எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ என்ற எழுத்தை இட்டு நாவல் திரும்பத் திரும்ப எழுதுகிறது. 1882 மே 6 அன்று ஃபீனிக்ஸ் பூங்காவில் அயர்லாந்தின் தலைமைச் செயலர் ஃபிரெடெரிக் கேவண்டிஷ் பிரபுவும், நிரந்தரத் துணைச் செயலர் தாமஸ் பர்க்கும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஜாய்ஸ் பிறந்ததும் அதே ஆண்டுதான். 1887இல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ், ஐரிஷ் தேசியத் தலைவர் பார்னெல் அந்தக் கொலைக்கு உடன்பட்டவர் என்று காட்டும் கடிதங்களை வெளியிட்டது. விசாரணை ஆணையம் அமைந்தது. 1889 பிப்ரவரியில், கடிதங்களை விற்ற ரிச்சர்ட் பிகாட் என்பவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சில சொற்களை எழுதச் சொன்னார்கள். போலிக் கடிதத்தில் இருந்த அதே பிழையோடு ‘ஹெசிடன்சி’யை அவர் எழுதினார். அவர் மாட்ரிட் நகருக்குத் தப்பி ஓடி அங்கே தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். பார்னெல் மீதான அந்தப் பழி விலகியது.

‘பிகாட்டின் எழுத்துப்பிழை’ என்று இரண்டு சொற்களில் குறிப்புத் தந்துவிட்டு நகர்ந்துவிட முடியும். பல இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் நாவலில் அந்தப் பிழை எங்கே வருகிறது என்று பாருங்கள். நாவலின் தலைவன் ஹம்ஃப்ரி சிம்ப்டன் இயர்விக்கர், சுருக்கமாக எச்.சி.ஈ., அதே பூங்காவில் ஒருவனை எதிர்கொள்கிறான். வந்தவன் கேட்டது மணி என்ன என்பது மட்டுமே. இவனோ யாரும் சுமத்தாத குற்றத்தைத் திக்கித் திக்கி மறுக்கத் தொடங்குகிறான். 35ஆம் பக்கத்தில், அந்தச் சந்திப்பின் நடுவில், அந்தப் பிழைச் சொல் நிற்கிறது. அவன் நாவு தயங்குகிறது. தயக்கம் என்ற சொல்லே தவறாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தவறு வரலாற்றில் ஒரு பொய்க் குற்றச்சாட்டை உடைத்த தவறு. அப்படியானால் எச்.சி.ஈ. குற்றவாளியா, பொய்ப் பழிக்கு ஆளானவனா? பிழை இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. 421ஆம் பக்கத்தில் அதே சொல் மீண்டும் வரும்போது, நடுவிலுள்ள ஓர் எழுத்து மாற்றப்பட்டு, எச், சி, ஈ என்ற மூன்று எழுத்துகளும் பெரிய எழுத்துகளாக அச்சாகியிருக்கின்றன. குற்றம் சாட்டுபவனின் கையெழுத்துக்குள் குற்றம் சாட்டப்பட்டவனின் பெயர் எழுந்து நிற்கிறது. அதற்கும் மேலாக, நாவலின் மையத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. குப்பைமேட்டைக் கிளறும் ஒரு கோழி அதைக் கண்டெடுக்கிறது. எழுதியவன் எச்.சி.ஈ.யின் மகன் ஷெம், போலி எழுத்துக்காரன் என்று தூற்றப்படுகிறவன். சுமந்து செல்பவன் அவன் உடன்பிறந்த ஷான். ஒரே ஓர் எழுத்தின் பிழையில் கடிதம், போலி, வதந்தி, திக்குவாய், பூங்கா, தலைவனின் பெயர் ஆகிய ஆறும் முடிச்சிடப்பட்டிருக்கின்றன. அந்த ஆறும் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்று காட்டும் ஒரு பத்தி, ஆறு தனித்தனிக் குறிப்புகள் செய்ய முடியாததைச் செய்யும்.

இப்படி எழுதுவது உரையாசிரியரின் வேலையன்று, விமர்சகரின் வேலை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஜாய்சே எழுதிய குறிப்புரை அந்த மறுப்புக்கு விடை சொல்கிறது. 1926 நவம்பர் 15 அன்று, தம்மை நீண்ட காலம் ஆதரித்த ஹாரியட் ஷா வீவருக்கு எழுதிய கடிதத்தில், நாவலின் தொடக்கப் பத்தியை அனுப்பி, அதற்குச் சொல்சொல்லாகப் பொருளும் எழுதினார். ‘பாசங்கோர்’ என்ற சொல்லுக்கு ‘பா ஆங்கோர்’, அதாவது ‘இன்னும் இல்லை’ என்ற பிரெஞ்சுத் தொடரைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. நேப்பிள்ஸ் அறிஞர் வீகோவின் வரலாற்றுச் சுழற்சிக் கொள்கையையும் அங்கேயே சேர்த்துச் சொல்கிறார். வீகோவின் கொள்கைப்படி நிகழ்ந்தது மீண்டும் நிகழும். ஆகவே அந்தப் பத்தியில் வரும் டிரிஸ்ட்ரம் என்ற வீரன் ஏற்கெனவே வந்தவன், மீண்டும் வருபவன், இன்னும் வராதவன். அந்த ஒரு சேர்க்கையில் வாக்கியத்தின் காலம் முழுவதும் திறந்துகொள்கிறது. அதே கடிதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒகோனி ஆற்றங்கரையில் இன்னொரு டப்ளின் இருக்கிறது என்றும், ‘எப்போதும் இரட்டிப்பாகிறோம்’ என்பது அதன் முழக்கம் என்றும் எழுதுகிறார். ‘டப்ளின்’ என்ற பெயரும் ‘இரட்டித்தல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஒலியில் ஒன்றாவது வெறும் வேடிக்கையாக நின்றுவிடாமல், உலகில் உள்ளதெல்லாம் இரட்டையாக வந்துகொண்டிருக்கும் இந்நூலின் விதியாக மாறுவதை அங்கே காண்கிறோம். குறிப்பு சுருக்கமாகவே இருக்கிறது; ஆனாலும் அது இணைக்கிறது. நீளமான உரை வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. இணைக்கும் உரை வேண்டும்.

அடுத்து, சான்றின் தரம். நியூயார்க் மாநிலத்து பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜாய்சின் ஏறத்தாழ 50 குறிப்பேடுகள் இருக்கின்றன. அவர் படித்த நூல்களிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் சொற்களையும் தொடர்களையும் அவற்றில் எடுத்தெழுதி, வரைவில் பயன்படுத்தியவற்றை வண்ணப் பென்சிலால் அடித்து வைத்தார். 2001 முதல் அக்குறிப்பேடுகள் பதிப்பாகி வந்தபோது, மேதைமையின் ஆழத்திலிருந்து வந்தவையாகக் கருதப்பட்ட பல தொடர்கள் அன்றாடச் செய்தித்தாள்களிலிருந்தும், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11ஆம் பதிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. எனக்கு இது ஏமாற்றமளிக்கவில்லை. தெருவில் கிடந்த சொல்லையும் அவர் வீணாக்கவில்லை என்பதே இதன் பொருள். ஆனால் இதன் பிறகு, குறிப்பேட்டால் உறுதிப்பட்ட மூலமும், ஒலியொப்புமையால் ஓர் அறிஞருக்குத் தோன்றிய மூலமும் ஒரே எழுத்தில், ஒரே குரலில், அருகருகே அச்சிடப்படுவது நியாயமில்லை. முன்னது நிகழ்ந்தது, பின்னது நிகழ்ந்திருக்கக்கூடியது. இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் வாசகனுக்கு வேறுபாடு தெரிய வேண்டும்.

வாசகனுக்குத் தோன்றும் பொருளை நான் விலக்கச் சொல்லவில்லை. ஜாய்ஸ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டுக்கு ஒரு பகுதியைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டதாகவும், ‘உள்ளே வாருங்கள்’ என்று ஜாய்ஸ் சொன்னதைப் பெக்கெட் அப்படியே எழுதிவிட்டதாகவும், பின்னர் அதை அறிந்த ஜாய்ஸ் ‘இருக்கட்டும்’ என்றதாகவும் ரிச்சர்ட் எல்மன் தாம் எழுதிய ஜாய்சின் வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். தற்செயலுக்குக் கதவு திறந்து வைத்த எழுத்தாளரின் நூலில், வாசகனின் தற்செயலான கேள்வியும் நுழையலாம். நுழைந்தது எது, ஏற்கெனவே உள்ளே இருந்தது எது என்று சொல்லும் நேர்மையை மட்டும் கேட்கிறேன். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், தாம் ஏற்காத பொருளையும் ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று குறித்துவிட்டுத் தம் பொருளைச் சொல்வார். யாருடைய கருத்து எங்கே முடிகிறது என்பது படிப்பவனுக்கு அங்கே தெளிவாகத் தெரியும். உங்கள் தொகுப்புகளில் மாறுபட்ட கருத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. ஆனால் எதை எது மறுக்கிறது, தொகுப்பாசிரியர் எதை நம்புகிறார் என்பதைப் பெரும்பாலும் அறிய முடிவதில்லை. நடுநிலை என்று நீங்கள் கருதும் அந்த மௌனம், தொலைவில் தனியாக அமர்ந்து படிப்பவனுக்குப் பெரும் சுமை.

பதிப்பாசிரியர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். டேனிஸ் ரோசும் ஜான் ஓஹேன்லனும் 2010இல் வெளியிட்ட பதிப்பில் ஏறத்தாழ 9,000 திருத்தங்கள் செய்யப்பட்டிருக்கின்றன. அச்சுக்கோப்பவர்களும் தட்டச்சு செய்தவர்களும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவிட்ட பிழைகளைக் களைய வேண்டியதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிகாட்டின் பிழையைத் திருத்திவிடக்கூடிய ஒரு கவனமான கையை நினைத்துப் பாருங்கள். பிழைபோல் தோன்றுவது பொருளாகவும், பொருள்போல் தோன்றுவது பிழையாகவும் இருக்கக்கூடிய ஒரே பெரும் நாவல் இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும், எந்த வரைவில் எந்த வடிவம் இருந்தது, எந்தக் கட்டத்தில் மாறியது, மாற்றியது ஜாய்சின் கையா அச்சகத்தின் கையா என்பதை வாசகன் காணும்படி பக்கத்திலேயே தாருங்கள். முடிவை மட்டும் தந்து காரணத்தை வேறொரு தொகுதிக்கு ஒத்திவைக்காதீர்கள்.

இனி, செவி. 1929இல் கேம்பிரிட்ஜில், மொழியறிஞர் சி.கே. ஆக்டனின் ஏற்பாட்டில், எச்.சி.ஈ.யின் மனைவி அன்னா லிவியாவைப் பற்றிய அத்தியாயத்தின் இறுதிப் பகுதியை ஜாய்ஸ் தம் குரலில் படித்துப் பதிவு செய்தார். டப்ளின் நகரத்து லிஃபி ஆற்றின் இரு கரைகளில் துணி துவைக்கும் இரண்டு பெண்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்கள், இருள் சூழ்கிறது, ஆற்றின் இரைச்சலில் ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேட்காமல் போகிறது, ஒருத்தி மரமாகவும் மற்றவள் கல்லாகவும் மாறிக்கொண்டிருக்கிறாள். இந்த அத்தியாயத்தில் நூற்றுக்கணக்கான ஆறுகளின் பெயர்கள் பின்னப்பட்டுள்ளன என்று ஜாய்சே எழுதியிருக்கிறார். வரைவுகளை ஒப்பிட்டால் அந்தப் பெயர்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டதைக் காணலாம். பேச்சும் அதன் தாளமும் முன்னரே இருந்தன. ஆறுகள் பின்னால் வந்து அவற்றுக்குள் கலந்தன. குறிப்புரையோ ஆறுகளை முன்னால் நிறுத்துகிறது. ஒரு பக்கத்தைப் படிக்கத் தொடங்கும் வாசகன், பேசும் பெண்களைக் கேட்பதற்கு முன்பே உலக நிலப்படத்தில் சிதறிக் கிடக்கும் பெயர்களைச் சந்திக்கிறான்.

215ஆம் பக்கத்தில் ‘தி சைம் அனியூ’ என்று வருகிறது. செவிக்கு ‘தி சேம் அனியூ’, அதாவது ‘அதுவே மீண்டும் புதிதாக’, என்று கேட்கிறது. சைம் என்பது ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஓடும் ஓர் ஆறு. ஆற்றின் பெயரை அறிந்த பிறகு மீண்டும் உரக்கப் படித்துப் பார்த்தால், ஒரே ஆறாக இருந்துகொண்டே கணந்தோறும் புது நீராக ஓடுவது எதுவோ அதைப் பற்றிய வாக்கியத்துக்குள் ஓர் ஆறே ஓடுவது புலப்படும். முதலில் ஒலி, பிறகு செய்தி, பிறகு மீண்டும் ஒலி என்ற வரிசையில்தான் இது நிகழும். அந்த வரிசையை உங்கள் குறிப்புகளில் பின்பற்றுங்கள். ‘முதலில் உரக்கப் படிக்கவும்’ என்ற ஒரு வரியைச் சில பகுதிகளின் தலையில் நீங்கள் அச்சிட்டாலும்கூட அது பெரிய உதவியாக இருக்கும். வாசிப்புக் குழுக்கள் இதை ஏற்கெனவே அறிந்திருக்கின்றன. அவர்களின் அறிவு அச்சுக்கு வரவில்லை.

ஒலியின் முதன்மைக்கு ஓர் இயற்பியலாளரின் அனுபவமும் சான்றாகிறது. 1963இல் மரி ஜெல்மன் தாம் முன்மொழிந்த அடிப்படைத் துகளுக்குப் பெயர் தேடியபோது, அவர் மனத்தில் முதலில் இருந்தது ஓர் ஒலி. பிறகுதான் இந்நாவலின் 383ஆம் பக்கத்தில், மார்க் மன்னனைக் கடற்பறவைகள் கேலி செய்யும் பாட்டில், ‘மூன்று குவார்க்குகள்’ என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. அது பறவையின் கரைச்சல் மட்டும்தானா என்று அவர் யோசித்தார், எச்.சி.ஈ. மதுக்கடை நடத்துபவன் என்பதால், மது கேட்பவர்களின் குரலும், குவார்ட் என்ற அளவையின் பெயரும் அதில் கேட்கக்கூடும் என்று தம் உச்சரிப்புக்கு நியாயம் கண்டார். நான் கேட்கும் உரைமுறையை இங்கே ஓர் அறிவியலாளர் தம்மளவில் செய்து காட்டியிருக்கிறார். ஒலியைக் கேட்டார், கதையின் சூழலைப் பார்த்தார், பிறகே பொருளைச் சேர்த்தார்.

எல்லாப் பொருள்களுக்கும் ஒரே எடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்னா லிவியாவின் ஒரு பகுதியைப் பெக்கெட்டும் ஆல்ஃபிரட் பெரோனும் பிரெஞ்சில் பெயர்க்கத் தொடங்க, பின்னர் ஜாய்சும் நண்பர்களும் சேர்ந்து அமர்ந்து திருத்தி 1931இல் வெளியிட்டார்கள். அங்கும், பிற்காலத்து இத்தாலிய வடிவத்தில் இன்னும் அதிகமாகவும், ஜாய்ஸ் மூலத்திலிருந்த பல உட்பொருள்களைத் தயங்காமல் கைவிட்டு, ஓட்டத்தையும் தாளத்தையும் காப்பாற்றிக்கொண்டு, புதிய மொழி தரும் புதிய சிலேடைகளைச் சேர்த்தார். ஆசிரியரே விட்டுக்கொடுத்த பொருள் எது, விட்டுக்கொடுக்க மறுத்தது எது என்பதை அருகருகே வைத்துக் காட்டும் ஓர் உரை, எந்தப் பொருள் தூண், எந்தப் பொருள் அணி என்பதை எங்களுக்குக் கற்றுத்தரும். மொழிபெயர்ப்புகள் அந்த வகையில் சிறந்த உரைகள். குறிப்புத் தொகுப்புகள் அவற்றை மிகக் குறைவாகவே பயன்படுத்தியிருக்கின்றன.

கடைசியாக, இந்தியத் துணைக்கண்டத்தின் வாசகர்கள் உங்களுக்கு உதவக்கூடிய ஓர் இடத்தைக் குறிப்பிடுகிறேன். நாவலின் நான்காம் பகுதி 593ஆம் பக்கத்தில், ‘சந்தியாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை கூவித் தொடங்குகிறது. வடமொழியில் ‘அந்தி ஒளி’ என்றும், கத்தோலிக்க வழிபாட்டில் மூன்று முறை சொல்லப்படும் ‘சாங்டஸ்’ அதில் ஒலிக்கிறது என்றும் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் சந்தியா என்பது மாலை மட்டுமன்று, காலையும்தான். இரவும் பகலும் சந்திக்கும் இடைவேளை எதுவும் சந்தியாவே. புராணங்களின் காலக் கணக்கில் ஒரு யுகம் தொடங்குவதற்கு முன்வரும் இடைக்காலத்துக்கும் அதுவே பெயர். வீகோவின் சுழற்சியில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், அதாவது நாவலின் கடைசி வாக்கியம் முற்றுப்பெறாமல் நின்று முதல் வாக்கியத்தோடு போய்ச் சேரவிருக்கும் பகுதியின் வாயிலில், ஜாய்ஸ் இந்தச் சொல்லை நிறுத்தியிருக்கிறார். தொடர்ந்து வரும் வரிகளில் வானொலி அழைப்பின் தொனியும், உயிர்த்தெழுதலும், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியும் ஒரே சொல்லில் கலக்கின்றன. அந்தி என்ற ஒற்றைப் பொருளோடு நின்றால், விடியலுக்கு எழுப்பும் குரல் மாலையாகிவிடும். யுகப்பொருளைச் சேர்த்தால் நான்காம் பகுதியின் அமைப்பே அந்த ஒரு கூவலில் அடங்கியிருப்பது தெரியும். வீட்டுப் பேச்சிலும் இலக்கணப் பாடத்திலும் தெருமுனையிலும் ‘சந்தி’யைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் எழுத்து திரியும் என்பது பள்ளியில் படித்த செய்தி, அந்தத் திரிபையே முறையாகக் கொண்ட நூலில் அந்தச் சொல் மூன்று முறை ஒலிப்பதை எங்களால் கடந்துபோக முடிவதில்லை. இந்தக் கடைசிச் செய்தி என் கேள்விதான். ஜாய்ஸ் இதை எண்ணினார் என்பதற்குச் சான்று காட்ட என்னால் இயலாது. ஆகவே இதைத் தொகுப்பில் சேர்ப்பதானால், ‘என்று உரைப்பாரும் உளர்’ என்ற வரிசையில் மட்டும் சேருங்கள்.

வடமொழி, இந்தி, தமிழ் முதலிய மொழிகளைத் தாய்மொழியாகவோ கல்வியாலோ அறிந்த வாசகர்கள் இந்தப் பணியில் பங்கேற்க ஆவலோடு இருக்கிறார்கள். எந்தக் குறிப்பு எந்தச் சான்றில் நிற்கிறது, அது வாக்கியத்தில் என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதும் பொறுப்போடு, ஒரு பகுதியை எங்களிடம் ஒப்படையுங்கள். 593ஆம் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

மிக்க நன்றியுடன்,
ஒரு தமிழ் வாசகன்